வள்ளத்து எஞ்சின் களவு போகாமலிருக்க

கேட்கப்பட்டது இது: “மச்சானும் நானும் சேர்ந்து வள்ளத்துக்குப் பின்னால் மாட்டுகிற 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று புதிதாக எடுத்திருக்கிறோம். 24 அடி பைபர் வள்ளம். தொழில் முடிந்ததும் கரையில் ஏற்றி வைத்துவிடுவோம். போன மாதம் பக்கத்து ஊரில் ஒரே ராத்திரியில் இரண்டு எஞ்சின் போய்விட்டது. பூட்டு போட்டால் போதுமா? ஜிபிஎஸ் வைக்கலாமா? இல்லை, தினமும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா?”

தம்பி, மன்னார் வளைகுடாக் கரையில் இருபத்திரண்டு வருடமாக அவுட்போர்டு பழுது பார்க்கிறவன் நான். களவு போன எஞ்சினைப் பற்றி வள்ளக்காரர்களுக்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரியும். கரையிலிருந்து கழற்றிக்கொண்டு போகிற எஞ்சின் என்றைக்காவது ஒரு மெக்கானிக்கின் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். கார்புரேட்டர் அடைக்கும், தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் தேயும், பிளக் போகும். அதனால் உன் கேள்விக்கு இரண்டு பாதியாகப் பதில் சொல்கிறேன். கரையில் அதைக் கழற்ற நேரம் பிடிக்க வேண்டும், சத்தம் வர வேண்டும். அது முதல் பாதி. கழற்றிக்கொண்டு போன பிறகும் அதை விற்க முடியாமல் போக வேண்டும். அது இரண்டாம் பாதி. முதல் பாதிக்கு எல்லாரும் பணம் செலவழிக்கிறார்கள். இரண்டாம் பாதிக்குச் செலவே கிடையாது, ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

முதலில் எப்படித் திருடுகிறார்கள் என்று பார். உன் எஞ்சின் அமரத்துப் பலகையில், அதாவது வள்ளத்தின் பின்பக்கப் பலகையில், இரண்டு கிளாம்ப் திருகால் நிற்கிறது. அந்தத் திருகுகளுக்கு வண்ணத்துப்பூச்சி மாதிரி காது இருக்கும், கையாலேயே திருகலாம். பெட்ரோல் குழாயின் கனெக்டரை ஒரு அழுத்து அழுத்தினால் கழன்றுவிடும். பழகிய கை இரண்டு இருந்தால் பீடி ஒன்று பிடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். சாவியும் கிடையாது, ஸ்பேனரும் வேண்டாம். கம்பெனிக்காரன் அப்படித்தான் செய்திருக்கிறான், ஏனென்றால் சின்ன எஞ்சினைக் கழற்றி எடுத்துப்போவார்கள் என்பதே அவன் கணக்கு. நாம்தான் அதை வருடம் முழுக்க வள்ளத்திலேயே விட்டுவைக்கிறோம்.

வருகிறவன் நாள் பார்த்துத்தான் வருவான். நம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகாத ஊர்கள் நிறைய. சனி இரவு கரையில் ஒரு ஆள் இருக்க மாட்டான், விடியற்காலை இரண்டு மணிக்கு வலை ஏற்ற வருகிறவனும் கிடையாது. கோயில் கொடியேற்றம், சப்பரம் என்று ஊரே ஒரு பக்கம் திரண்டிருக்கும் ராத்திரி இன்னும் வசதி. ஐப்பசி கார்த்திகையில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் நான்கைந்து நாள் வள்ளத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழைச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. என்னிடம் எஞ்சின் போய்விட்டதென்று வந்து நின்றவர்களில் பாதிப் பேர் அதை வெள்ளிக்கிழமை கடைசியாகப் பார்த்தேன், திங்கட்கிழமை இல்லை என்றுதான் சொல்வார்கள். எந்த ராத்திரி போனது என்றே தெரியாது.

சரி, வீட்டுக்குத் தூக்கிவருவது. 8 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் 27 கிலோ அளவில் இருக்கும், ஒரு ஆள் தோளில் வைத்துவிடலாம். உன் 9.9 மாடலைப் பொறுத்து 36லிருந்து 40 கிலோ சொச்சம் வரும். இரண்டு ஆள் வேண்டும், மணலில் நடப்பது சிரமம். வீடு கரையை ஒட்டி இருந்தால் ஒரு சின்னத் தள்ளுவண்டி செய்துகொள். மோட்டார் சைக்கிள் டயர் போட்டால் மணலில் புதையாது. தினமும் முடியாவிட்டாலும் சனி இரவு, திருவிழா, புயல் எச்சரிக்கை இந்த மூன்றுக்கும் எடுத்துவிடு. அதுவே பெரிய பாதுகாப்பு. 25, 40 குதிரைத்திறன்காரர்களுக்கு இந்த யோசனை சரிவராது. 40 என்றால் எழுபது கிலோவைத் தாண்டிவிடும், தினம் தூக்கினால் இடுப்பு போய்விடும்.

தூக்கும்போது ஒன்றைக் கவனி. கழற்றியவுடன் படுக்கப்போடாதே. நிமிர்த்தியே கொஞ்ச நேரம் பிடித்து, உள்ளே நிற்கும் உப்புத் தண்ணீர் முழுக்க வடிய விடு. தலைப் பக்கம் எப்போதும் கியர் பாக்ஸை விட உயரமாகவே இருக்க வேண்டும். தலை தாழ்ந்தால் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் எந்தப் பக்கம் படுக்கவைக்கலாம் என்று புத்தகத்திலேயே படம் போட்டிருப்பான், மாற்றிப் படுக்கவைத்தால் ஆயில் சிலிண்டருக்கு ஏறிவிடும். திருடனுக்குப் பயந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, இப்படிப் படுக்கப்போட்டுக் கெடுத்த எஞ்சின்களுக்கு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் பதிலாக வலை வைக்கும் வாடியில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓலை வாடியின் கதவில் தொங்கும் பூட்டை நம்பாதே. தரையில் ஒரு குழி தோண்டி, கம்பி வளையம் ஒன்றை கான்கிரீட்டில் புதைத்துவிடு. எஞ்சினைப் பலகையில் நிறுத்தி, சங்கிலியால் அந்த வளையத்தோடு பிணை. பெட்ரோல் டேங்கை அதே இடத்தில், அதுவும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதே என்று நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இனி பூட்டு. உன் எஞ்சினுக்கு ஏற்றது கிளாம்ப் திருகின் இரண்டு காதுகளையும் சேர்த்து மூடும் குழாய்ப் பூட்டு. ஒரு பக்கம் பிளந்த எஃகுக் குழாயை நினைத்துக்கொள். இரண்டு காதையும் கிடைமட்டமாகத் திருப்பி, குழாயை அவற்றின் மேல் பக்கவாட்டில் செருகி, முனையில் பூட்டிவிட்டால் திருகு சுற்றவே சுற்றாது. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் நல்ல வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்யலாம். 316 ரக ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்கு. 304 போட்டால் மலிவுதான், ஆனால் கடல் காற்றில் ஒரு வருடத்துக்குள் துருக்கறை இறங்க ஆரம்பிக்கும். சுவர் தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பூட்டின் வளைவு வெளியே தெரியாதபடி குழாய்க்குள்ளேயே மறைந்திருக்கிற மாதிரி செய்யச் சொல். வளைவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கட்டர் நுழைய இடம் கொடுத்த மாதிரி.

இந்தப் பூட்டுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஓடும்போது எஞ்சின் அதிர்வில் கிளாம்ப் திருகு மெல்ல மெல்லத் தளரும். தளர்ந்து எஞ்சினே கடலுக்குள் போன கதைகள் நம் கரையில் களவுக் கதைகளுக்குக் குறையாமல் இருக்கும். குழாய் மூடியிருந்தால் காது சுற்றாது, எஞ்சினும் போகாது. பூட்டுக்குச் செலவழிக்கத் தயங்குகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சிலர் காதுகளை ரம்பத்தால் அறுத்தே எடுத்துவிடுகிறார்கள். திருக ஒன்றுமே இல்லாவிட்டால் திருடன் என்ன செய்வான் என்று கணக்கு. திருடன் பைப் ரெஞ்ச் கொண்டுவருவான். நீதான் நடுக்கடலில் தளர்ந்த திருகை இறுக்க வழியில்லாமல் முழிப்பாய். இன்னும் சிலர் இரண்டு காதுக்கும் குறுக்கே கம்பி வைத்துப் பற்ற வைக்கச் சொல்லி என்னிடம் வருவார்கள். மாட்டேன் என்றுதான் சொல்வேன். பிராக்கெட் அலுமினியம், பக்கத்திலேயே பெட்ரோல் குழாய்.

பூட்டுக்குப் பராமரிப்பு வேண்டும். பித்தளை உடம்புள்ள பூட்டாக எடு, வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசி, சாவித் துவாரத்தில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடு. தேங்காய் எண்ணெய் விடாதே, நாளாக ஆகப் பிசின் பிடித்துக்கொள்ளும். வளைவு ஏறி இறங்கும் இடத்தில் கிரீஸ் தடவு. உப்பில் இறுகிப்போன பூட்டை அதன் சொந்தக்காரனே அறுக்கச் சொல்லிக் கூட்டிப்போன வேலைதான் எனக்கு அதிகம் வந்திருக்கிறது.

எஞ்சினைப் பலகையோடு போல்ட் போட்டு இறுக்குவது அடுத்த படி. உன் எஞ்சினின் கிளாம்ப் பிராக்கெட்டைப் பார்த்தால் அதற்கென்றே ஓட்டைகள் விட்டிருப்பார்கள். சின்ன எஞ்சினுக்கு 8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் போல்ட், பெரியதற்கு 12 வரை போகும். உள்பக்கம் அகலமான தகடு ஒன்று வைத்து, நைலான் நட் போட்டு இறுக்க வேண்டும். ஒரு நட்டுக்குப் பதில் தனிச் சாவியால் மட்டும் திறக்கும் பூட்டு நட் வைத்தால் சாதாரண ஸ்பேனரால் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கேதான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பைபர் வள்ளத்து அமரப் பலகை முழுக்க பைபர் அல்ல. நடுவில் பிளைவுட் அல்லது மரப் பலகை வைத்து, இரண்டு பக்கமும் பைபர் பூசியிருப்பார்கள். நீ ஓட்டை போடும் ஒவ்வொரு இடமும் அந்த மரத்துக்குத் தண்ணீர் போகும் வாசல். ஓட்டைக்குள் போல்ட்டை அப்படியே சொருகினால் இரண்டு மழைக்காலத்தில் உள்ளே மரம் ஊறி மாவாகிவிடும், வெளியே பைபர் பளபளவென்று இருக்கும். ஓட்டையைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, உட்சுவர் முழுக்க ரெசின் பூசிக் காயவிட்டு, பிறகு கடல் தண்ணீர் தாங்கும் பாலியூரித்தேன் சீலன்ட் நிறைய வைத்துப் போல்ட்டை இறக்க வேண்டும். குளியலறைக்குப் பூசும் சிலிக்கான் நிற்காது.

பலகை நல்லதா என்று இப்போதே சோதித்துப் பார். சின்னச் சுத்தியலால் அமரம் முழுக்கத் தட்டிக்கொண்டே போ. நல்ல மரம் ‘டக் டக்’ என்று கெட்டியாகச் சொல்லும். ஊறின இடம் ‘பொத்’ என்று மந்தமாகக் கேட்கும். எஞ்சினை மேலே தூக்கிப்பிடித்து ஆட்டினால் பலகை அசைகிறதா என்றும் பார். ஒரு வள்ளத்தில் பூட்டு உடையவில்லை, போல்ட் கழலவில்லை, ஆனால் எஞ்சின் இல்லை. அமரத்தை ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்து, பலகைத் துண்டோடு சேர்த்து எடுத்துப்போயிருந்தான். ஊறின பலகை, ரம்பம் வெண்ணெயில் போவது போலப் போயிருக்கும். எஞ்சினும் போய், வள்ளமும் தண்ணீரில் இறக்க முடியாமல் ஆனது.

உனக்கு என் யோசனை: போல்ட் வேண்டாம். 9.9ஐ நீ அவ்வப்போது கழற்றி எடுக்கப் போகிறாய், குழாய்ப் பூட்டும் ஒரு சங்கிலியும் போதும். 25க்கு மேல் வைத்திருப்பவர்கள் போல்ட்டும் பூட்டு நட்டும் போடட்டும்.

சங்கிலி எங்கே மாட்டுகிறாய் என்பதுதான் கேள்வி. எஞ்சினைத் தூக்கும் கைப்பிடியிலோ டாப் கவர் கொக்கியிலோ மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சுத்தியல் அடிக்கு உடையும். பிராக்கெட்டுக்கும் நடுத் தண்டுக்கும் இடையில் சுற்றி எடு. சில மாடல்களில் பாதுகாப்புக் கயிறு கட்டவே பிராக்கெட்டில் தனி ஓட்டை இருக்கும். மறுமுனை வள்ளத்தில், உள்ளே தகடு வைத்துப் போல்ட் போட்ட யூ வளையத்தில் போக வேண்டும். குறுக்குப் பலகையில் ஆணியடித்த வளையத்தில் போட்டால் வளையத்தோடு பிடுங்கிக்கொண்டு போவான். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி வடம் வாங்காதே. உறைக்குள் உப்புத் தண்ணீர் தேங்கி உள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. அதை வெட்டச் சத்தமும் வராது. கால்வனைஸ் செய்த 10 மில்லிமீட்டர் சங்கிலி, அதன் மேல் பழைய தண்ணீர்க் குழாய் போட்டுக்கொள், பைபர் தேயாது.

எதையும் அறுக்க முடியாது என்று நினைக்காதே. பேட்டரியில் ஓடும் கிரைண்டர் வந்த பிறகு எந்தச் சங்கிலியும் இரண்டு நிமிடம்தான். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் கரை முழுக்கக் கேட்கும், பொறி பறப்பது தூரத்திலிருந்தே தெரியும். ஆள் நடமாட்டமே இல்லாத கழிமுகத்தில் தனியாகக் கட்டிய வள்ளத்துக்கு எத்தனை பூட்டு போட்டும் பயனில்லை. அதே பூட்டு, வரிசையில் நடுவே, வீடுகளுக்கு நேரே நிற்கும் வள்ளத்தில் நன்றாக வேலை செய்யும். அதனால் வள்ளத்தை எங்கே ஏற்றுகிறாய் என்று பார். வரிசையின் ஓரத்தில் நிற்காதே. பக்கத்து வள்ளத்துக்காரர் ஒத்துக்கொண்டால் இரண்டு வள்ளத்தையும் ஒரே சங்கிலியில் பிணைத்துவிடலாம், வள்ளத்தோடு தள்ளிக்கொண்டு போகும் வேலையும் நடக்காது.

கில் ஸ்விட்ச் கிளிப்பை எடுத்துவந்துவிட்டால் யாராலும் ஸ்டார்ட் செய்ய முடியாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது நீ கடலில் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்கான சாதனம். கொஞ்சம் கயிறு இருந்தால் அந்த இடத்தில் கட்டி ஸ்டார்ட் செய்துவிடலாம், மீன் பிடிக்கிற பையன்களுக்கே தெரியும். டேங்கையும் குழாயையும் வீட்டுக்கு எடுத்துவருவதும் அப்படித்தான். பெட்ரோல் மிஞ்சும், ஆனால் எஞ்சின் மிஞ்சும் என்று சொல்ல முடியாது.

ஜிபிஎஸ் பற்றிக் கேட்டாய். சிம் போட்ட டிராக்கர் நல்லதுதான், ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் உன் எஞ்சினில் பேட்டரியே கிடையாது. டிராக்கரின் சொந்த பேட்டரியைச் சில நாளுக்கு ஒரு தடவை சார்ஜ் செய்ய வேண்டும், சிம்முக்கு ரீசார்ஜ் போட வேண்டும். இரண்டையும் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்கிறவனை நான் பார்த்ததில்லை. பேட்டரி வைத்த 40 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது பொருந்தும். உனக்கு அதைவிடச் சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் டேக் மேல். பொத்தான் பேட்டரி கிட்டத்தட்ட ஒரு வருடம் வரும். அது தானாகத் தொலைவுக்கு எதையும் அனுப்பாது, பக்கத்தில் போகிறவர்களின் போன் வழியாகத்தான் இடம் காட்டும். நடுக்கடலில் உதவாது. ஆனால் திருடிய எஞ்சின் கடைசியில் ஊருக்குள், ஆள் இருக்கிற இடத்துக்குத்தானே வரும். டாப் கவர் பிளாஸ்டிக்கானதால் சிக்னல் தடைபடாது. கவருக்குள், சிலிண்டர் சூடு படாத ஓரமாக, தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு ஒட்டு. உன் போனுக்கு ஏற்ற வகையா என்று பார்த்து வாங்கு.

மீன்வளத் துறை வள்ளங்களுக்குப் பொருத்துகிற டிரான்ஸ்பாண்டர் இதற்குப் பயன்படுமா என்று சிலர் கேட்கிறார்கள். அது வள்ளம் எங்கே நிற்கிறது என்று சொல்லும். எஞ்சின் மட்டும் நடந்துபோனால் அதற்குத் தெரியாது.

இப்போது அந்த இரண்டாம் பாதி. இந்த நிமிடம் உன் எஞ்சினின் சீரியல் நம்பர் என்ன என்று கேட்டால் சொல்வாயா? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் பில்லில் இருக்கும் என்பார்கள். பில் எங்கே என்றால் வீட்டில் எங்கேயோ. யமஹாவில் இடதுபுறக் கிளாம்ப் பிராக்கெட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் நம்பர் இருக்கும். சுசூகி, டோஹாட்சு போன்றவற்றிலும் பிராக்கெட் பக்கமே பார். சில கம்பெனிகள் எஞ்சின் பிளாக்கிலும் வட்ட மூடி ஒன்றின் மேல் பொறித்திருப்பார்கள். தகட்டைத் தெளிவாகப் போட்டோ எடு, பில்லைப் பக்கத்தில் வைத்து இன்னொன்று எடு, எஞ்சினை நான்கு பக்கமும் எடு. மச்சான் போனுக்கும் அனுப்பி வை. உன் போன் கடலில் விழலாம் இல்லையா?

திருடன் முதலில் செய்வது அந்தத் தகட்டைப் பிடுங்குவதுதான். எனக்கு வரும் எஞ்சின்களில் தகடு இருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தாலோ, ரிவெட் புதிதாக இருந்தாலோ நான் கையே வைப்பதில்லை. எல்லா மெக்கானிக்கும் அப்படியா என்று கேட்காதே. அதனால்தான் உன் அடையாளத்தை நீயே மூன்று நான்கு இடத்தில் போட வேண்டும் என்கிறேன். ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் உன் வள்ளத்துப் பதிவு எண்ணே போதும், அதைப் பார்த்தால் எந்தக் கரைக்காரன் என்று தெரிந்துவிடும். டாப் கவரைத் திறந்தால் தெரிகிற இடத்தில் ஒன்று, பிராக்கெட்டின் உள்பக்கம் எஞ்சினை மேலே தூக்கினால் மட்டும் தெரிகிற இடத்தில் ஒன்று, கவரின் உட்புறம் ஒன்று, கியர் பாக்ஸில் ஒன்று. கரண்டில் ஓடும் எழுத்துப் பொறிக்கும் பேனா கிடைக்கிறது, அந்தப் பேனாவால் மேலாகக் கீறு. ஆணி வைத்துச் சுத்தியலால் அடிக்காதே, அலுமினிய வார்ப்பு விரிசல் விடும். கீறிய இடத்தில் அலுமினியம் உப்புப் பூக்கும், உடனே பெயின்ட் ஒரு கை பூசிவிடு. பெயின்டுக்குக் கீழேயும் எழுத்து அப்படியே இருக்கும்.

அப்புறம் கவருக்கு வெளியே வள்ளத்தின் பெயரையும் ஊர்ப் பெயரையும் பெரிதாக எழுது, உங்கள் வள்ளத்து நிறத்தையே பூசு. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய புது எஞ்சினில் கம்பெனி ஸ்டிக்கர் தெரியாமல் மஞ்சள் பெயின்ட் அடிப்பதற்கு மனசு வராது. எனக்கும் புரிகிறது. ஆனால் இருட்டில் டார்ச் அடித்துப் பார்க்கிறவன், பத்து வள்ளத்தில் ஒன்பது எஞ்சின் அப்படியே விற்கக்கூடியதாக இருக்க, பெயர் எழுதிய பத்தாவதை எதற்கு எடுப்பான்?

இன்சூரன்ஸ் போட்டிருந்தால் பாலிசியை எடுத்துப் படி. உல்லாசப் படகுகளுக்கான லண்டன் இன்ஸ்டிட்யூட் யாட் கிளாசஸ் என்று 1985இல் வந்த நிபந்தனைத் தொகுப்பு ஒன்று உண்டு. வழக்கமாக மாட்டும் கிளாம்புக்கு மேலாகத் திருட்டுத் தடுப்புச் சாதனம் ஒன்றால் வள்ளத்தோடு பூட்டப்பட்டிருந்தால்தான் அவுட்போர்டு களவுக்கு இழப்பீடு என்று அதில் இருக்கிறது. வாடியிலிருந்து போனால் கதவை உடைத்துப் புகுந்த அடையாளம் வேண்டும். உன் பாலிசியிலும் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று ஏஜென்டிடம் வாயால் கேட்காதே, எழுதிக் கேள். பூட்டு வாங்கிய பில்லையும், பூட்டு மாட்டிய எஞ்சினின் போட்டோவையும் பத்திரப்படுத்து.

எல்லாம் செய்தும் போய்விட்டால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். உறவினர் வட்டாரத்தில் விசாரித்துவிட்டுப் போகலாம் என்று இரண்டு நாள் கடத்தாதே. உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் கொடு, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண் 1093க்கும் சொல். புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பிவிடாதே, எஃப்ஐஆர் என்கிற முதல் தகவல் அறிக்கை கேள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, களவு எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது 317ஆம் பிரிவு. மானியத்தில் வாங்கிய எஞ்சின் என்றால் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் எழுதிக் கொடு. பிறகு சீரியல் நம்பரையும் போட்டோவையும் ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் இருக்கிற மெக்கானிக்குகளுக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. எங்களுக்குள் குழுக்கள் உண்டு, அரை மணி நேரத்தில் பரவிவிடும். டேக் எங்கேயாவது இடம் காட்டினால் நீயும் மச்சானும் அரிவாளோடு கிளம்பாதீர்கள், போலீஸைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பழைய எஞ்சின் வாங்குகிறவர்களுக்கும் இதே 317தான். விலை பாதிக்குப் பாதி குறைவாக, பில் தொலைந்துவிட்டது, தகடு விழுந்துவிட்டது என்று ஒருவன் கொண்டுவந்தால் மலிவு என்று ஆசைப்படாதே. கவரைக் கழற்றி உள்ளே யாருடைய எழுத்தாவது பெயின்டுக்குக் கீழே தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்.

கடைசியாக ஒன்று. துரத்தப்பட்ட திருடன் எஞ்சினை உப்பங்கழியிலோ கரையோரத் தண்ணீரிலோ போட்டுவிட்டு ஓடுவதுண்டு. பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அடையாளம் வைத்துப் போடுகிறவனும் உண்டு. அப்படி உன் எஞ்சின் தண்ணீருக்குள் கிடைத்தால் சந்தோஷத்தில் வெயிலில் நிறுத்திக் காயவைக்காதே. காற்றுப் பட்டதும் உள்ளே பேரிங்குகளில் துரு ஏற ஆரம்பித்துவிடும். ஸ்டார்ட்டர் கயிற்றையும் இழுக்காதே, சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவி, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுவா. அன்று முடியாது என்றால் பெரிய டிரம் ஒன்றில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் தலை முழுக்க அதற்குள் மூழ்கும்படி போட்டுவை. டிரம்மோடு வேனில் ஏற்றிக் கொண்டுவந்தாலும் நான் சிரிக்க மாட்டேன்.